இளமை நினைவு வாசிப்பும் ஆங்கிலக் கல்வியும்: ‘என் சரித்திர’த்தின் அரியலூர், குன்னம் பகுதிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இளமைக்கால நினைவுகளைக் கூறும் உரைநடைப் பகுதிகள் பல நாடுகளில் ஆங்கிலப் பாடநூல்களிலும் வாசிப்பு நூல்களிலும் இடம்பெறுகின்றன. வாசகனின் முன்னறிவு மொழிச்சுமையைக் குறைக்கிறது என்பது இதற்குரிய அடிப்படை. உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் ஆகிய ஊர்களில் கழிந்த இளமையைத் தமிழில் பதிவு செய்துள்ளது. அந்நூல் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கல்லூரி மாணவர்களுக்கு இதனை இருமொழி வாசிப்புப் பனுவலாகக் கொள்வதன் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. காலம், வினையெச்சம், தன்மைப் பன்மை, உயர்வு ஒருமை ஆகிய நான்கு இலக்கணக் கூறுகளில் தமிழாசிரியரின் பங்கு இன்றியமையாதது என்பதும், நிலம் ஒன்றாக இருப்பதால் மட்டும் நினைவு பொதுவாகிவிடாது என்பதும் இதில் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தன்வரலாறு, இளமை நினைவு, முன்னறிவு, இரண்டாம் மொழி வாசிப்பு, காலமயக்கம், அரியலூர், பெரம்பலூர்.

முன்னுரை

தமிழகக் கல்லூரிகளின் இளநிலைப் பட்டப் படிப்பில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம் என்னும் அமைப்பு நெடுங்காலமாக நிலவுகிறது. ஒரே மாணவர், ஒரே நாளில், இரு வகுப்புகளிலும் அமர்கிறார். எனினும் அவ்விரு வகுப்புகளின் பாடங்களும் ஒன்றையொன்று அறிவதில்லை. தமிழ் வகுப்பில் இலக்கியத்தைச் சுவைக்கும் மாணவர் ஆங்கில வகுப்பில் வினாவிடைக் குறிப்புகளை மனப்பாடம் செய்து தேர்வைக் கடக்கிறார். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் அமைந்த பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலும் இந்நிலையே பெரிதும் காணப்படுகிறது. மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறையினருக்கு இது வெறும் தேர்வுச் சிக்கலன்று. பட்டம் பெற்ற பின்னும் ஆங்கிலப் பக்கம் ஒன்றைத் தாமாகப் படித்துப் பொருள் கொள்ள இயலாமை, உயர்கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் அவர்களைப் பின்னிறுத்துகிறது.

இந்நிலையை மாற்ற எளிய கதைகள், உரையாடற் பயிற்சிகள், மொழி ஆய்வகங்கள் எனப் பல வழிகள் முன்மொழியப்பட்டுள்ளன. அவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்று இளமை நினைவு வாசிப்பு. அதற்கேற்ற பனுவல் ஒன்று இம்மாவட்டங்களின் மண்ணிலேயே தோன்றியிருப்பதும், அதனைத் தமிழ்த்துறையினர் தம் புலத்திற்கு மட்டுமே உரியதாகக் கருதி வந்திருப்பதும் இங்கு எண்ணத்தக்கன.

1. முன்னறிவும் வாசிப்பும்

வாசிப்பு என்பது எழுத்திலிருந்து பொருளை எடுத்துக்கொள்ளும் ஒருவழிச் செயல் அன்று. வாசகன் தான் முன்பே அறிந்த உலகத்தைக் கொண்டுவந்து பனுவலின் இடைவெளிகளை நிரப்புகிறான். ஆங்கிலேய உளவியலாளர் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நினைவுகூர்தல் பற்றிய நூல் இதற்குத் தொடக்கச் சான்று. வட அமெரிக்கத் தொல்குடியினரின் கதை ஒன்றைப் படித்த ஆங்கிலேயர்கள் அதைத் திரும்பக் கூறும்போது தமக்குப் பழக்கமானவாறு மாற்றினர். அவர்களின் நினைவில் தொல்குடியினரின் சிறுதோணி படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடித்தலாயிற்று.

இதனைவிட நமக்கு நெருக்கமானது ஸ்டெஃபன்சன், ஜோக்-தேவ், ஆண்டர்சன் ஆகிய மூவர் 1979இல் வெளியிட்ட ஆய்வு. இந்தியத் திருமணம் ஒன்றையும் அமெரிக்கத் திருமணம் ஒன்றையும் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இரு கடிதங்கள் இந்தியர்க்கும் அமெரிக்கர்க்கும் படிக்கக் கொடுக்கப்பட்டன. இரு சாராரும் தத்தம் பண்பாட்டுக் கடிதத்தை விரைவாகப் படித்தனர். அதிலிருந்து மிகுதியாக நினைவுகூர்ந்தனர். பிற பண்பாட்டுக் கடிதத்தைத் திரித்துப் பொருள் கொண்டனர். பாட்டியின் திருமண உடையை மணமகள் அணிவது அமெரிக்கர்க்கு மரபின் பெருமை. இந்திய வாசகர் ஒருவர்க்கோ அது பழையதும் வழக்கொழிந்ததுமான உடையாகத் தோன்றியது. இடர்ப்பாடு சொல்லறிவின் குறைவால் மட்டும் எழுவதன்று என்பதும், அறிந்த உலகம் அறியாத மொழியைத் தாங்கும் என்பதும் இவ்வாய்வினால் பெறப்படும்.

சொல்லறிவின் அளவும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஹூ, நேஷன் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, துணையின்றி ஒரு கதையைப் படித்துப் பொருள் கொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு வாசகர்க்குத் தெரிந்திருக்க வேண்டும். அதாவது ஐந்நூறு சொற்கள் கொண்ட ஒரு பகுதியில் பத்துச் சொற்களுக்கு மேல் புதியனவாக இருத்தல் கூடாது. இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. தமிழ் இளமை நினைவு ஒன்றின் ஆங்கில வடிவில் திண்ணை, சுவடி, ஜமீன், அந்தாதி, கும்மி போன்ற சொற்கள் அவ்வாறே நின்றால் அயல்நாட்டு வாசகர்க்கு அவை புதிய சொற்களாகிச் சுமையைக் கூட்டும். அரியலூர் மாணவர்க்கோ அவையே பனுவலில் இளைப்பாறும் இடங்கள். ஒரே பக்கம் இருவர்க்கும் இருவேறு கடினம் உடையதாகிறது. பாடநூலின் கடினத்தைச் சொற்பட்டியலைக் கொண்டு மட்டும் அளப்பது பொருந்தாது என்பதற்கு இது தக்க காட்டு.

2. பிற முன்மாதிரிகள்

சீனப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலம் பயிலும் மாணவர்களின் நிலை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஆங்கிலம் துறைப்பாடமாக அமையாத மாணவர்க்கான நாடளாவிய கல்லூரி ஆங்கிலத் தேர்வு அங்கு 1987இல் தொடங்கியது. தேர்வை முன்னிட்ட கல்வி, மனப்பாடம், வாசிப்பு இன்பமின்மை ஆகியன குறித்த கவலை அங்கும் உண்டு. அம்மாணவர்கள் பள்ளிப் பருவத்தில் தம் மொழியிலேயே படித்த நினைவுக் கட்டுரைகள் சில ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. நவீன சீன இலக்கியத்தின் முன்னோடியான லூ சுன் (1881–1936) தம் இளமை நினைவுகளை 1926இல் இதழில் எழுதி 1928இல் நூலாக்கினார். அதிலுள்ள பத்துக் கட்டுரைகளுள் ஒன்று, விளையாடித் திரிந்த வீட்டுத் தோட்டத்தைப் பிரிந்து கண்டிப்பான ஆசிரியரின் பள்ளிக்குச் சென்ற சிறுவனைப் பற்றியது. அது சீனப் பள்ளிப் பாடநூல்களில் நெடுங்காலம் இடம்பெற்றுள்ளது. யாங் சியான்யி, கிளாடிஸ் யாங் இணையர் அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்துள்ளனர். தாய்மொழியில் உள்ளத்தில் பதிந்த ஒரு கட்டுரையைப் பின்னர் ஆங்கிலத்தில் சந்திக்கும் மாணவர்க்குக் கதை புதிதன்று. மொழி மட்டுமே புதிது.

இந்தியாவிலும் இம்முறைக்கு முன்மாதிரி உண்டு. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 2006இல் வெளியிட்ட ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் ஆ.ப.ஜெ. அப்துல் கலாமின் இராமேசுவர இளமை நினைவுகள் பாடமாயின. பன்னிரண்டாம் வகுப்புத் துணைப்பாட நூலான ‘விஸ்டாஸ்’ என்பதிலோ குழந்தைப் பருவ நினைவுகள் என்னும் தலைப்பிலேயே ஒரு பாடம் அமைந்துள்ளது. அதில் இரு பெண்களின் நினைவுகள் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. ஒருவர் அமெரிக்கத் தொல்குடியைச் சேர்ந்த சிட்கலா-ஷா (1876–1938). ஆங்கிலம் அறியாத சிறுமியாக உறைவிடப் பள்ளிக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர், தம் கூந்தல் வெட்டப்பட்ட கொடுமையை 1900இல் எழுதினார். மற்றவர் பாமா. 1992இல் வெளிவந்து, 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமால் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்ட ‘கருக்கு’ நூலில் உள்ள பள்ளிப் பருவ நினைவு அங்குப் பாடமாகிறது. தன் தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிச் செல்வதைக் கண்டு சிரித்த சிறுமி, அதன் காரணம் தீண்டாமை என்பதை அண்ணன் வழியாக அறிகிறாள்.

இப்பாடங்களின் வலிமை மொழி எளிமையில் மட்டும் இல்லை. இரு சிறுமியர்க்கும் பள்ளிப் பருவம் இழிவை அறிந்த பருவம். பாமாவுக்கு அதுவே விடுதலைக்குரிய வழியைக் கண்ட பருவமுமாகும். ஆங்கிலத்தை அச்சத்துடன் அணுகும் மாணவர், ஆங்கிலம் தெரியாது அஞ்சிய சிறுமி ஒருத்தியைப் பற்றி ஆங்கிலத்திலேயே படிக்கிறார். நினைவிலக்கியம் மொழிக்கல்விக்குத் தரும் தனித்த வாய்ப்பு இதுவேயாகும்.

3. ‘என் சரித்திர’த்தில் அரியலூரும் குன்னமும்

உ.வே.சாமிநாதையர் (1855–1942) தம் தன்வரலாற்றை 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். அவர் மறைவினால் முற்றுப்பெறாது நின்ற அது 1950இல் நூல்வடிவம் பெற்றது. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் அதனை ஆங்கிலத்தில் பெயர்க்க, சென்னை ஆசியவியல் நிறுவனம் வெளியிட்டது. தமிழை அயல்மொழியாகக் கற்ற ஒருவர் இதனை ஆங்கிலப்படுத்தினார் என்பது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தி.

நூலின் தொடக்க இயல்கள் இன்றைய இரு மாவட்டங்களின் ஊர்களைச் சுற்றியே பெரிதும் நிகழ்கின்றன. அக்காலத்தில் இவை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைந்து, 2007இல் நிலையாகத் தனித்தது. உ.வே.சா.வின் தந்தையார் வேங்கடசுப்பையர் உடையார்பாளையம் ஜமீனோடு தொடர்புடைய கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். இசையும் இராமாயணப் பிரசங்கமும் அவருடைய வாழ்வாதாரம். ஆதரிப்பார் உள்ள ஊரை நாடிக் குடும்பம் இடம்பெயர்ந்தது. ஊர் மாறும்போதெல்லாம் மகனின் ஆசிரியரும் மாறினார். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் எனத் தமிழ் கற்பித்தோரின் நிரல் நீள்கிறது. 1871இல் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகும்வரை இந்நிலை தொடர்ந்தது.

மொழிக்கல்வி நோக்கில் இவ்வியல்களின் சிறப்புகள் மூன்று. முதலாவது, இவை கற்றலைப் பற்றிய நினைவுகள். ஆசிரியர் கிடைப்பாரா, நூல் கிடைக்குமா, பாடம் கேட்கச் செல்ல வழியுண்டா என்னும் ஏக்கம் இவற்றில் ஊடாடுகிறது. கல்லூரியை எட்டுவதற்கே அரும்பாடுபட்ட மாணவர்க்கு இவ்வேக்கம் விளக்கம் வேண்டாத ஒன்று. இரண்டாவது, இயல்கள் இதழ்த் தொடராக எழுதப்பட்டவை ஆதலால் சிறியன. ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வையோ ஒரு மனிதரையோ மையமாகக் கொண்டு வகுப்பு நேரத்துள் அடங்குவன. மூன்றாவது, மொழித்தேர்வு என்னும் சிக்கல் இந்நூலிலேயே பேசப்படுகிறது. ஆங்கிலம் படித்தால் பிழைப்புக்கு உதவும் என்றும் வடமொழி படித்தால் மறுமைக்கு உதவும் என்றும் சுற்றத்தார் அறிவுரை கூறிய காலத்தில் அவர் தமிழைப் பற்றி நின்றார். பாரதியார் தம் தன்வரலாற்றுப் பாடலான ‘கனவு’ என்பதில் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பப்பட்டதன் கசப்பைப் பதிவு செய்ததும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது. ஆங்கிலமா தமிழா என்னும் வினா இன்றைய மாணவர்க்கு மட்டும் உரியதன்று. அது தமிழ்த் தன்வரலாற்றின் பழைய வினா. அதனை ஆங்கில வகுப்பிலேயே எழுப்ப இப்பனுவல் இடம் தருகிறது.

4. இலக்கண ஒப்புநோக்கு

இளமை நினைவு, கடந்த காலத்தைப் பற்றியது. ஆயினும் தமிழில் அது முழுவதும் இறந்தகால வினைகளால் அமைவதில்லை. ‘தந்தையார் மாலையில் பாடுவார், ஊரார் கூடிக் கேட்பார்கள், நான் சுவடியோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பேன்’ என்பது போன்ற தொடர்களில் வினை எதிர்கால வடிவில் நிற்க, பொருளோ இறந்தகால வழக்கமாகும். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் காலம் மயங்கி வருதலை நன்னூல் ஏற்கிறது. இயல்புக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டே, முன்னொரு காலத்தில் விளையாடிய சோலையைச் சுட்டி அதனை எதிர்கால வினையால் கூறும் இளமை நினைவுத் தொடராக இருப்பது சுவையான பொருத்தம்.

ஆங்கிலத்தில் இவ்வழக்கப் பொருளை ‘யூஸ்ட் டு’, ‘வுட்’ ஆகிய வடிவங்கள் உணர்த்தும். தமிழ் மாணவர் பலர் ‘வில்’ என்னும் துணைவினையைப் பெய்து, தந்தை அந்நாளில் பாடியதை இனிமேல் பாடப்போவது போல எழுதிவிடுகின்றனர். இதனை வெறும் பிழையென்று திருத்தினால் மாணவர்க்குக் காரணம் விளங்காது. தாய்மொழியின் காலமயக்க மரபை ஆங்கிலத்திற்கு ஏற்றியதன் விளைவு இது என்று காட்டினால் ஒருமுறையிலேயே தெளிவு பிறக்கும். அவ்வாறு காட்டவல்லவர் நன்னூல் அறிந்த ஆசிரியர்.

இரண்டாவது கூறு வினையெச்சம். ‘எழுந்து, குளித்து, சுவடியை எடுத்துக்கொண்டு, தெருவைக் கடந்து, பள்ளியை அடைந்தான்’ என்னும் தொடரில் முற்றுவினை ஒன்றே. எழுவாயும் ஒருமுறையே எண்ணப்படுகிறது. ஆங்கிலத்தில் இத்தொடரைப் பெரும்பாலும் காலம் காட்டும் பல முற்றுவினைகளாகப் பிரித்தும், இடையே இணைப்புச் சொற்களைப் பெய்தும் கூற வேண்டும். முன்னைய வினைகளில் காலம் காட்டாது விடுதல், ஒரு தொடரை முடிக்காமலே அடுத்ததைத் தொடங்குதல் ஆகிய பிழைகளுக்கு எச்சத்தை முற்றாக மாற்றும் பயிற்சியின்மையும் ஒரு காரணமாகும். நினைவு உரைநடை நிகழ்ச்சிகளை வரிசைப்பட அடுக்குவது ஆதலின் இப்பயிற்சிக்கு மிகவும் இயைந்தது. தமிழ் இயல் ஒன்றில் எச்சங்களைக் கோடிட்டு, அவை ஆங்கில வடிவில் என்னவாயின என்று தேடுவது எளிய, பயனுள்ள வகுப்பறைச் செயல்.

மூன்றாவது, தன்மைப் பன்மை. தமிழ் முன்னிலையாரை உளப்படுத்தும் ‘நாம்’ என்பதையும் உளப்படுத்தாத ‘நாங்கள்’ என்பதையும் வேறுபடுத்துகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வீ’ ஒன்றே. ‘விஸ்டாஸ்’ நூலில் பாமாவின் பகுதிக்கு அமைந்துள்ள தலைப்பு ‘வீ டூ ஆர் ஹியூமன் பீயிங்ஸ்’ என்பது. இதனைத் தமிழாக்குமாறு மாணவரிடம் கூறினால் ‘நாங்களும் மனிதர்களே’, ‘நாமும் மனிதர்களே’ என்னும் இரு விடைகள் வரக்கூடும். முன்னது ஒதுக்கியவரை நோக்கிய குரல். பின்னது ஒதுக்கப்பட்டவர் தம்முள் சொல்லிக்கொள்ளும் உறுதி. யாரை நோக்கி யார் பேசுகிறார் என்னும் வினா ஒரு பதிலிடுபெயரில் அடங்கியிருப்பதை மாணவர் உணரும்போது இலக்கணம் மதிப்பெண்ணுக்குரியதாக மட்டும் இராது.

நான்காவது, உயர்வு ஒருமை. தந்தையார், ஆசிரியர், ஊர்ப் பெரியவர் ஆகியோர் தமிழில் ‘அவர்’ என நிற்பர். ஆங்கிலத்தில் ‘ஹி’ என்பது அனைவர்க்கும் பொது. உ.வே.சா. தம் ஆசிரியரைச் சுட்டும் பணிவும், பொட்டலத்தைத் தூக்கிச் சென்ற முதியவருக்கு ஊர் மறுத்த மரியாதையும் ஆங்கில வடிவில் ஒரே சொல்லுக்குள் மறைகின்றன. மறைந்ததை வேறெந்தச் சொற்கள் ஈடுசெய்கின்றன என்று தேடுவது நுண்வாசிப்புக்கு வழிவகுக்கும்.

5. நிலம் ஒன்று, நினைவு வேறு

மேற்கண்ட வாதத்திற்கு ஓர் எல்லை உண்டு. குன்னத்தில் பிறந்த மாணவிக்கு உ.வே.சா.வின் குன்னம் தன் ஊர் என்பது உண்மை. அந்நூலில் வரும் கல்வி அவர் முன்னோர்க்கு எட்டியதா என்பது வேறு வினா. 1860களின் திண்ணைப் பள்ளியும் ஆசிரியர் வீடும் ஒடுக்கப்பட்ட சாதியினர்க்கும் பெரும்பாலான பெண்களுக்கும் அடைபட்டிருந்தன. அக்ரகாரத்துச் சிறுவனின் நினைவை ஊர் முழுவதற்கும் பொதுவான நினைவாகக் கற்பித்தல் உண்மைக்கு மாறானது. அத்துடன் மாணவரிடம் நெருக்கத்திற்குப் பதிலாக விலகலையும் உண்டாக்கக்கூடும். முன்னறிவு என்பது நிலவியலால் மட்டும் அமைவதன்று. உழைப்பு, உணவு, தெரு, பால், சாதி ஆகியனவும் சேர்ந்தே அதனை அமைக்கின்றன.

ஆகவே ‘என் சரித்திரம்’ தனித்து வைக்கப்படாது ‘கருக்கு’ போன்ற பனுவலுடன் இணைத்து வைக்கப்படுதல் தகும். ஒன்று நிலத்தால் அண்மையது. மற்றொன்று வாழ்வால் பலர்க்கு அண்மையது. இரண்டும் கல்வியின் மீதான தாகத்தால் ஒன்றுபடுகின்றன. யாருக்கு எப்பனுவல் எளிதாயிற்று, எவ்விடத்தில் எளிதாயிற்று என்று மாணவரே கூறும்போது, முன்னறிவுக் கோட்பாடு அவர்தம் வகுப்பறையிலேயே சோதிக்கப்படும்.

அறிந்ததை மட்டுமே படித்தால் அறிவு விரிவடையாது என்னும் மறுப்பும் எழக்கூடும். அது நியாயமானதே. இளமை நினைவு வாசிப்பு முடிவிடமன்று, ஒரு படிக்கட்டு. அரியலூரிலிருந்து தொடங்கும் வாசிப்பு சிட்கலா-ஷாவின் உறைவிடப் பள்ளிக்கும் லூ சுன்னின் தோட்டத்திற்கும் செல்ல வேண்டும். திண்ணைப் பள்ளியின் மனப்பாட முறையை அறிந்தவர்க்குச் சீனச் சிறுவன் ஆசிரியர் முன் உரத்து ஓதிய காட்சி அயலானதாகத் தோன்றாது.

6. வகுப்பறை நடைமுறை

இவ்வாசிப்பை நான்கு கட்டங்களாக அமைக்கலாம். முதற்கட்டத்தில் பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் ‘என் சரித்திர’த்தின் ஓர் இயல் மூலமாகவே படிக்கப்படும். கதை, சூழல், உணர்வு ஆகியவை தமிழிலேயே தெளிவாகும். இரண்டாம் கட்டத்தில், சில நாள் இடைவெளிக்குப் பின், அதே இயலின் ஆங்கில வடிவிலிருந்து ஏறத்தாழ ஐந்நூறு சொற்கள் கொண்ட பகுதி ஆங்கில வகுப்பில் வாசிக்கப்படும். சுவலபிலின் பெயர்ப்பு ஆய்வாளரை நோக்கியது ஆதலால் கடினமான தொடர்களை ஆசிரியர் எளிமையாக்கித் தருதல் வேண்டும். தமிழ் மூலம் அப்போது மாணவர் கையில் இருத்தல் ஆகாது. அது நினைவில் இருந்தால் போதும். கையில் இருப்பின் வாசிப்பு வரிக்கு வரி ஒப்பிடலாகச் சுருங்கிவிடும்.

மூன்றாம் கட்டத்தில் இரு ஆசிரியர்களும் ஒரே வகுப்பில் இணைந்து காலம், எச்சம், பன்மை, உயர்வு ஆகிய கூறுகளை ஒப்பிட்டுக் காட்டலாம். நான்காம் கட்டத்தில் மாணவர் தம் நினைவு ஒன்றை ஆங்கிலத்தில் எழுதுவார். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், 1963இல் வெளிவந்த தம் நூலில், குழந்தைகள் தம் வாழ்விலிருந்து கூறிய சொற்களையே முதற்பாடமாக்கிய முறையை விளக்கினார். அதே காலத்தில் பிரேசிலில் பாவ்லோ ஃபிரெய்ரே உழைப்பாளரின் அன்றாடச் சொற்களைக் கொண்டு முதியோர்க்கு எழுத்தறிவித்தார். இவ்வடிப்படை கல்லூரி நிலைக்கும் பொருந்தும். பருத்தி எடுத்தல், சின்ன வெங்காயம் ஆய்தல், மக்காச்சோளக் காட்டில் காவல் இருத்தல், முந்திரிக் கொட்டை பொறுக்குதல், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் கிளப்பிய புழுதியில் பள்ளிக்கு நடத்தல், காரையின் ஓடைகளில் கல்லாகிப்போன கிளிஞ்சல்களைக் கண்டெடுத்தல் ஆகியன இம்மாவட்டங்களின் இளமைகள். இவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களைத் தேடும்போது அத்தேடல் தேர்வுக்காக அன்றித் தேவைக்காக நிகழும்.

இக்கட்டத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். இளமை எல்லார்க்கும் இனிய நினைவன்று. வறுமை, இழப்பு, சாதி இழிவு, வன்முறை ஆகியவற்றை ஆசிரியர் முன்னும் சக மாணவர் முன்னும் வெளிப்படுத்துமாறு கட்டாயப்படுத்துதல் கல்வியாகாது. தன்னைப் பற்றி எழுதாமல் ஒரு பொருளையோ இடத்தையோ தாத்தா பாட்டி கூறிய செய்தியையோ எழுதும் உரிமையும், எழுதியதை வகுப்பில் படிக்காதிருக்கும் உரிமையும் மாணவர்க்கு இருத்தல் வேண்டும். மதிப்பெண் மொழிக்கே உரியது, நினைவுக்கு உரியதன்று.

முடிவுரை

இளமை நினைவு வாசிப்பில் வாசகரின் வாழ்வு மொழியின் சுமையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கிறது. பெரம்பலூர், அரியலூர் மாணவர்க்கு அவ்வாறு துணைநிற்கும் பனுவல் இரு மொழிகளிலும் உள்ளது. நிலத்தின் அண்மை மட்டும் போதாது ஆதலின், அது வாழ்வின் அண்மையுடைய பிற நினைவுகளோடு சேர்த்துக் கற்பிக்கப்பட வேண்டும். தமிழகக் கல்லூரிகளில் பகுதி ஒன்றும் பகுதி இரண்டும் ஒரே பனுவலில் சந்திப்பதற்குப் பாடத்திட்டக் குழுக்களின் இசைவும் இரு துறை ஆசிரியர்களின் கூட்டுழைப்பும் தேவை. மாணவரின் ஆங்கிலப் பிழைகளுள் பல தமிழ் இலக்கணத்தின் நிழல்கள் என்பதால், அவற்றைப் பொறுமையுடன் விளக்கும் கடமை தமிழ்த்துறைக்கும் உண்டு. ஊர் ஊராகச் சென்று ஆசிரியரைத் தேடிய சிறுவனின் வரலாறு, அதே ஊர்களிலிருந்து பேருந்தேறிக் கல்லூரிக்கு வரும் மாணவர்க்கு இரண்டு மொழிகளில் கைக்கெட்டுமாயின், அந்நூல் எழுதப்பட்டதன் பயன் மேலும் ஒருபடி நிறைவேறும்.